ஏழு வருஷமா ஒரு ஆப்பிரிக்கப் பல்லி: வாங்க நினைக்கறவங்களுக்கு என் அனுபவம்

போண்டா எங்க வீட்டுக்கு வந்தது 2018 நவம்பர்ல. டொரண்டோல எனக்கு அது ரெண்டாவது குளிர்காலம், வேலை விட்டா வீடு, நாய் பூனை வச்சுக்க அபார்ட்மென்ட்ல விடமாட்டாங்க, அப்படியே ஒரு ஊர்வன கண்காட்சிக்குப் போனவன் ஒரு டப்பாவோட திரும்பி வந்தேன். ஆப்பிரிக்கன் ஃபேட் டெயில் கெக்கோ. வால் மட்டும் தனியா எண்ணெய்ல போட்டு எடுத்த மாதிரி உப்பி இருக்கும், அதான் பேரு போண்டா.

அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு "பல்லியக் காசு குடுத்தா வாங்கின?"ன்னு கேட்டதோட சரி, ஒரு வாரம் அதைப் பத்திப் பேசவே இல்ல. நம்ம வீட்டுப் பல்லிக்கும் இதுக்கும் தூரத்து சொந்தம்தான். இதுக்கு கண் இமை உண்டு, நல்லா கண்ண மூடித் தூங்கும். நம்மூர் பல்லிக்கு இமை கிடையாது, நாக்காலதான் கண்ணத் தொடச்சுக்கும். இது கால்ல ஒட்டற அமைப்பும் இல்ல, கண்ணாடில ஏறாது, சுவத்துல ஓடாது, தரையில தொப்பைய இழுத்துட்டு நடக்கும்.

வித்தவர் சொன்னது ஒரே விஷயம்தான், லெப்பர்ட் கெக்கோன்னு வீட்டுல வளக்கற இன்னொரு பல்லி மாதிரியேதான், அதே செட்டப் போதும்னார். இந்த ஒரு வரிதான் என்னை ரெண்டு வருஷத்துக்கு மேல ஏமாத்துச்சு. லெப்பர்ட் கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட ஊர்க்காரன். இவன் செனகல்ல இருந்து கேமரூன் வரைக்கும் உள்ள மேற்கு ஆப்பிரிக்காக்காரன், மழை சீசன் பாத்த உடம்பு, பகல்ல ஈரமான பொந்துக்குள்ள கெடப்பான். சூடு ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஈரப்பதம்தான் வேற.

2021 ஜனவரில குழந்தை ரூமுக்காக காத்துல ஈரப்பதம் எவ்வளவுன்னு காட்டற ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்கினேன். இங்க குளிர்ல ஹீட்டர் ஓட ஓட வீடே அப்பளம் மாதிரி காஞ்சு போயிடும். ராத்திரி சும்மா அதை போண்டா டேங்க்குள்ள வச்சுட்டுப் படுத்தேன். காலைல பாத்தா 24 சதவீதம். கண்ணாடில ஒட்டியிருந்த முள்ளு மீட்டர் அப்பவும் ஜம்முனு 60 காட்டிட்டு இருக்கு! டேங்க் வாங்கறப்போ ஒரு கடையில கூடவே தலையில கட்டினது அது. அதை எடுத்து வெளிய வச்சேன், வெளியவும் 60தான்.

அப்புறம்தான் அவன் காலைத் தூக்கிப் பாத்தேன். பின்னங்கால்ல ரெண்டு விரல்ல பழைய தோல் மோதிரம் மாதிரி இறுகிக் கெடந்துச்சு. காத்து காஞ்சிருந்தா தோல் முழுசா உரியாது, விரல் நுனில மிச்சம் ஒட்டி நின்னு ரத்த ஓட்டத்தை நிறுத்திடும். வெதுவெதுப்பான தண்ணில கால் முட்டி நனையற அளவு இருபது நிமிஷம் நிக்க வச்சு, ஈர பட்ஸால மெதுவா தேச்சேன், ஒண்ணு கழண்டு வந்துச்சு. இன்னொரு விரல் கறுத்து, பத்து நாள்ல விழுந்துடுச்சு. டாக்டர் புண் ஆறிடுச்சுன்னு சொல்லிட்டார், அவனும் அதைக் கண்டுக்கவே இல்ல, எனக்குத்தான் ரொம்ப நாள் மனசு சரியில்ல.

அதுக்கப்புறம் பண்ணின மாத்தம்: கீழ பேப்பர் டவலுக்குப் பதிலா தேங்காய் நாரும் மண்ணும் கலந்து மூணு இன்ச், மேல கம்பி மூடியில முக்கால்வாசிய அலுமினியம் ஃபாயிலால மூடினேன், ஐஸ்கிரீம் டப்பால ஓட்டை போட்டு உள்ள ஈரமான பாசி. தினம் ஒரு தடவ ஒரு மூலைல தண்ணி ஊத்துவேன், மேல சொதசொதன்னு இருக்கக் கூடாது, அடி மண்ணு ஈரமா இருந்தா போதும். இப்போ 60ல இருந்து 70க்குள்ள நிக்குது. அன்னிலேர்ந்து ஒரு தடவ கூட தோல் ஒட்டல. உரிக்கற அன்னிக்கு ஆள் பேய் மாதிரி வெளுத்துப் போவான், அப்புறம் மூக்குலேர்ந்து ஆரம்பிச்சு கையுறை கழட்டற மாதிரி வாயாலயே உருவி உருவி மொத்தத்தையும் தின்னுடுவான், மிச்சம் எதுவும் கெடைக்காது.

சூட்டுக்கு டேங்க் அடில கரண்ட்ல சூடாகற ஹீட் மேட், சூடான பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 25. சூடு அளவு தாண்டாம பாத்துக்கற தெர்மோஸ்டாட் இல்லாம ஹீட் மேட் போடாதீங்க, ப்ளீஸ், வயித்துல தீக்காயம் வரும்.

சாப்பாடு ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ, நாலஞ்சு கிரிக்கெட் பூச்சி இல்லனா மீல்வார்ம்ங்கற புழு, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கற அகலத்துக்கு மேல பெருசா வேணாம். கால்சியம் பவுடர்ல பஜ்ஜி மாவுல பொரட்டற மாதிரி பொரட்டிப் போடுவேன். இதுல சகிக்க முடியாதது கிரிக்கெட்தான், நாத்தம் ஒரு பக்கம், தப்பிச்ச ஒண்ணு ஃப்ரிட்ஜ் பின்னாடி உக்காந்து மூணு ராத்திரி கத்தினது இன்னொரு பக்கம். மனைவி பல்லியக் கூட மன்னிச்சுட்டா, அதை இன்னும் மன்னிக்கல.

2022 டிசம்பர்ல ஆரம்பிச்சு ஏழு வாரம் ஒண்ணுமே சாப்பிடல. பயந்து போய் காஃபி தராசுல வாரா வாரம் எடை போட்டேன், 68 கிராம்லேர்ந்து 64க்கு வந்துச்சு, அவ்ளோதான். குளிர்காலத்துல ஆண்கள் இப்படி அடம் பிடிக்கறது சகஜம், வால்லதான் கொழுப்பு சேத்து வச்சிருக்கே. ஆனா எடை வேகமா எறங்கி வால் சூம்பிப் போனா காத்திருக்காம மலத்தை டெஸ்ட்டுக்குக் குடுங்க. காட்டுல புடிச்சு ஏத்துமதி பண்ணினதை வாங்காதீங்கன்னு சொல்றதும் இதுக்குத்தான், ஒட்டுண்ணியோட வரும்.

கொஞ்சறதுக்கு இது சரிப்படாது. மூணு வருஷம் கழிச்சுத்தான் உள்ளங்கைல தானா ஏறினான், அதுவும் சூடா இருக்குன்னு. வாலைத் தூக்கி மெதுவா ஆட்டினா தள்ளிப் போன்னு அர்த்தம், பொண்ணுக்கு அதைத்தான் மொதல்ல சொல்லிக் குடுத்தேன், பயத்துல வாலை விட்டுட்டா திரும்ப மொளைக்கும், ஆனா பழைய வடிவம் வராது.

நல்லா வச்சா 15, 20 வருஷம் இருக்கும், அதனால ஊருக்குப் போறப்போ யார் பாப்பாங்கன்னு யோசிச்சுட்டு வாங்குங்க. எங்களுக்கு பக்கத்து ஃப்ளாட் யாழ்ப்பாணத்து அண்ணர் இருக்கார். போன டிசம்பர் சென்னைல இருந்தப்போ வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "தம்பி, இவர் இண்டைக்கு மூண்டு பூச்சி சாப்பிட்டவர். வாலும் வடிவா இருக்கு. அந்தக் கிரிக்கெட் ஒண்டுதான் எங்கயோ ஓடிட்டுது, தேடிக்கொண்டிருக்கிறன்."