உறையிட்ட நாணயமா, திறந்த நாணயமா: தரச்சான்றுக் கட்டணம் எதை வாங்கித் தருகிறது?

என் சேகரிப்பில் இருந்த பழைய வெள்ளி நாணயங்களில் பன்னிரண்டைச் சென்ற ஆண்டு தர மதிப்பீட்டுக்கு, அதாவது நாணயத்தைச் சோதித்து அதன் தரத்தை எண்ணாகக் குறித்து உறையிட்டுத் தரும் நிறுவனத்துக்கு, அனுப்பினேன். மற்றவற்றை ஆல்பத்திலேயே விட்டுவைத்தேன். இரு வழிகளிலும் வாங்கியும் விற்றும் பார்த்ததால், என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என்றாவது ஒரு நாள் விற்கக்கூடிய, ஓரளவு மதிப்புள்ள நாணயத்துக்கு முத்திரையிட்ட உறையே மேல். வைத்துப் பார்த்து மகிழ்வதற்கான நாணயத்துக்கு அந்தச் செலவு வீண்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். சேகரிப்பாளர்கள் ஸ்லாப் என்று அழைக்கும் கெட்டியான ஞெகிழி உறை, கைரேகையிலிருந்தும் உரசலிலிருந்தும் நாணயத்தைக் காக்கும். திறந்த நாணயத்தைக் கையில் ஏந்தலாம், விளிம்பைச் சுழற்றிப் பார்க்கலாம், அதற்குக் கட்டணமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. பாதுகாப்பு என்ற ஒரே காரணத்துக்காக யாரும் தரச்சான்று வாங்கத் தேவையில்லை. பிவிசி கலவாத நல்ல உறையும் ஈரமில்லாத அலமாரியும் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். பிவிசி கலந்த மலிவான உறைகள் காலப்போக்கில் நாணயத்தின் மேல் பச்சை நிறப் பிசுக்கைப் படியவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஸ்லாப்பும் காற்றுப் புகாத பெட்டகம் அல்ல. அதற்குள்ளும் வெள்ளி மெல்ல நிறம் மாறும்.

முடிவைத் தீர்மானிப்பது மறுவிற்பனை. இந்தத் தொழில் தோன்றிய வரலாற்றிலேயே அது தெரிகிறது. 1949-இல் அமெரிக்க நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன், அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சென்டுகளுக்காக 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வகுத்தார். 1 என்ற தரத்தில் உள்ள காசைப் போல 70 மடங்கு விலை பெறுவதே 70 என்பது அவர் கணக்கு. அந்த விலைக் கணக்கு விரைவிலேயே பொய்த்தது, அளவுகோல் மட்டும் நின்றது. 1972-இல் ஏனாக்ஸ் அமைப்பு நாணயங்களின் உண்மைத்தன்மையைச் சோதித்துச் சான்றளிக்கத் தொடங்கி, 1979-இல் தரத்தையும் குறிப்பிடலாயிற்று. ஆனால் சான்றிதழ் ஒருபுறமும் நாணயம் மறுபுறமுமாக இருந்த வரையில், சான்று பெற்ற பிறகு அந்த நாணயத்தை யாராவது தேய்த்துக் கழுவிக் கெடுத்தார்களா என்பதைக் காகிதத்தால் சொல்ல முடியாது. 1986-இல் பிசிஜிஎஸ் என்ற மதிப்பீட்டு நிறுவனமும் அடுத்த ஆண்டு என்ஜிசி என்ற நிறுவனமும் நாணயத்தையும் அதன் தரம் எழுதிய சீட்டையும் ஒரே உறைக்குள் வைத்து மூடியபோதுதான், முன்பின் அறியாத இருவர் நாணயத்தை நேரில் பார்க்காமலேயே விலை பேசுவது இயல்பானது.

திறந்த நாணயத்தை விற்றுப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். விற்பவர் 64 என்பார், வாங்குபவர் 62 என்பார். அதே வாங்குபவர் மறு மாதம் அதை விற்கும்போது 65 என்பார். கண்காட்சி மேசையின் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தே நாணயம் தேய்வதும் மெருகேறுவதும் நடக்கிறது. புழக்கத்துக்கு வராத நாணயங்களுக்கு 60 முதல் 70 வரை பதினொரு படிகள் இருக்கின்றன; பல வகைகளில் அடுத்தடுத்த இரண்டு படிகளுக்கு இடையே விலை மடங்குக் கணக்கில் தாவும். ஆகவே இது வெறும் அபிப்பிராய பேதம் அல்ல, பணம். நாணயம் நல்லது என்று நிறுவும் பொறுப்பு திறந்த நிலையில் முழுவதும் விற்பவர் தலையில் இருக்கிறது. மதிப்பீட்டுக் கட்டணம் அந்தப் பொறுப்பைத்தான் மூன்றாம் நபரிடம் மாற்றித் தருகிறது. சீட்டில் உள்ள எண் அதற்கு அடுத்த விஷயமே.

ஒரே வகையைச் சேர்ந்த, ஏறக்குறைய ஒரே தரமான இரண்டு நாணயங்களை ஒரே மாதத்தில் விற்க வைத்தேன். ஒன்று உறையில், மற்றொன்று திறந்த நிலையில். உறையிட்டது மூன்று நாளில், ஒரு கேள்வியும் இல்லாமல் போயிற்று. திறந்ததை வாங்க வந்தவர் விளிம்பின் படம் கேட்டார், எடை கேட்டார், திருப்பி அனுப்பும் உரிமை கேட்டார், எல்லாம் கொடுத்த பிறகு ‘கழுவியது போல் தெரிகிறது’ என்று திருப்பியும் அனுப்பினார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் ஐயப்பட்டிருப்பேன்.

ஏனென்றால் என் கண்ணே என்னை ஏமாற்றியிருந்தது. அனுப்பிய பன்னிரண்டில் மூன்று, எண் இல்லாமல் ‘கழுவப்பட்டது’ என்ற குறிப்போடு திரும்பின. அவற்றுள் ஒன்று, பதினொரு ஆண்டுகளாக என் சேகரிப்பிலேயே சிறந்தது என்று நான் நம்பியிருந்த நாணயம். முதலில் கோபம் வந்தது. பிறகு ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பார்த்தபோது, வயல்வெளி போன்ற வெற்றுப் பரப்பில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கோடுகள் தெரிந்தன. கழுவாத நாணயத்தில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுழன்று வரும் ஒளி இதில் அசையாமல் நின்றது. மதிப்பீட்டுக்கு அனுப்பாமல் விற்றிருந்தால், நல்லெண்ணத்தோடேயே ஒருவரை ஏமாற்றியிருப்பேன். இப்படிக் குறையோடு திரும்பும் நாணயம் கெட்டது என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் அது போலி அல்ல என்ற சான்றாவது அந்தச் சீட்டில் இருக்கிறது, அரிய ஆண்டுகளைப் பொறுத்தவரை அதுவே பாதி விலை.

போலி என்றவுடன் பலர் தராசை எடுக்கிறார்கள். சில போலிகள் அதில் அகப்படும், எல்லாம் அல்ல. 1893-இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்த மார்கன் வெள்ளி டாலர்கள் 1 லட்சம் மட்டுமே. அதே ஆண்டில் பிலடெல்பியாவில் அடித்ததன் பின்புறத்தில், சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் ‘எஸ்’ என்ற எழுத்தை ஒட்டிவிட்டால் எடை, அடர்த்தி, வெள்ளி எல்லாம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் எழுத்தைத் தவிர மற்ற யாவும் உண்மையானவை. உண்மையான எஸ் டாலருக்கான அச்சுகளில் ஆண்டு எண் அமைந்த இடத்தையும் நுண்ணிய அடையாளங்களையும் அறிந்தவரே இதைப் பிடிக்க முடியும். பொன் நாணயத்திலும் இதே கதைதான்: பொன்னின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனின் அடர்த்தி 19.25. வீட்டுத் தராசுக்கு அந்த வேறுபாடு எட்டாது.

எதிர்ப்பக்கத்தின் வாதங்களும் வலுவானவை. எண் என்பது மனிதரின் கருத்து. உறையை உடைத்து அதே நாணயத்தை மீண்டும் அனுப்பி ஒரு படி உயர்த்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்; உடைத்த உறையின் சீட்டை அவர்கள் திருப்பி அனுப்பாததால், எந்தத் தரத்தில் எத்தனை நாணயம் உள்ளன என்று நிறுவனங்கள் வெளியிடும் பட்டியல் ஊதிப்பெருக்கிறது. 2007-இல் தொடங்கிய சிஏசி என்ற நிறுவனம், பிற நிறுவனங்களின் உறை மேல் ‘இந்த எண்ணுக்கு இது தகும்’ என்று பச்சை ஒட்டுச்சீட்டு ஒட்டத் தொடங்கியது. மதிப்பீட்டுக்கே ஒரு மதிப்பீடு தேவைப்பட்டது என்பதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டுமா? போதாதற்கு, உறையையும் சீட்டையும்கூடப் போலியாகச் செய்கிறார்கள், உண்மையான சான்று எண்ணைத் திருடிப் பதிக்கிறார்கள். நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணுக்குரிய படம் இருந்தால், அதிலுள்ள கீறல்களைக் கையிலுள்ள நாணயத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் நான் இப்போது எதையும் வாங்குவதில்லை.

புதிதாக வெளியாகும் நினைவு நாணயங்களில் மட்டும் நான் கட்சி மாறிவிடுகிறேன். அங்கே 70 என்றால் 5 மடங்கு உருப்பெருக்கத்தில் குறை தெரியக் கூடாது என்பது அளவு. 69-க்கும் அதற்கும் உள்ள வேறுபாடு வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை, விலையில்தான் தெரிகிறது. அந்தக் கூடுதல் விலை நாணயத்துக்கு அல்ல, சீட்டுக்கு.

மற்றவற்றுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளியது. கட்டணம், போகவரத் தபால், காப்பீடு மூன்றையும் கூட்டுகிறேன். நான் எதிர்பார்ப்பதைவிட ஒரு படி குறைவாக வந்தாலும், திறந்த நிலையில் கிடைக்கும் விலையை விட அந்தத் தொகைக்கு மேல் அதிகம் கிடைக்குமா என்று பார்க்கிறேன். கிடைத்தால் அனுப்புகிறேன். என் ஆல்பத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் தோற்றவை, அதில் எனக்கு வருத்தமில்லை.

பண்டைக் காசுகளுக்கு இதை அப்படியே பொருத்தத் தயங்குகிறேன். அவற்றுக்கு என்ஜிசி எழுபது படிகளைப் பயன்படுத்துவதில்லை. தேய்மானத்தைச் சொல்லாலும், அடிப்பின் தெளிவையும் மேற்பரப்பையும் தனித்தனியே ஐந்துக்கு இத்தனை என்ற கணக்கிலும் குறிக்கிறது. அந்தச் சந்தையில் பழகியவர்கள் பலர் உறையை விரும்புவதில்லை. வாங்கியவுடன் உடைத்துக் கையில் எடுப்பவர்களும் உண்டு. நான் வாங்கியது நான்கே காசுகள், இன்னும் ஒன்றைக்கூட விற்கவில்லை. எனவே அந்த நான்கும் இப்போதைக்குத் திறந்தே இருக்கின்றன.