"வன்தட்டு செத்துவிட்டது" என்று சொன்னவுடன் நம்பிவிடாதீர்கள்

பழைய மடிக்கணினியில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவிய பிறகு அது கிளம்பாமல் போய், பழுதுபார்க்கக் கொடுக்க எண்ணியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பழுதுபார்க்கும் ஒருவர், நல்ல நிலையில் இருந்த என் வன்தட்டைச் செத்துவிட்டதாகச் சொல்லிக் கழற்றினார்; எவரோ பல ஆண்டுகள் ஓட்டித் தேய்த்த வன்தட்டொன்றைப் புதியது என்று மாட்டினார்; புதியதற்குரிய விலையையும் வாங்கிக்கொண்டார். உண்மையான பழுது ஒரு பொத்தான் அளவு மின்கலத்தில் இருந்தது.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 8 புழக்கத்தில் இருந்த காலத்தில் வாங்கிய மடிக்கணினி அது. பின்னாளில் விண்டோஸ் 10 ஹோம் பதிப்புக்கு மாறியிருந்தது. அதன் பேட்டரி உப்பத் தொடங்கியதால் அதைக் கழற்றிவிட்டு, நெடுநாளாக அடாப்டரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். வேகம் மிகவும் குறைந்துவிட்டதால் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவத் தீர்மானித்து, ரூஃபஸ் மென்பொருளைக் கொண்டு பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்தபோது, ஜிபிடி என்று தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் எம்பிஆர் என்று விட்டுவிட்டேன். வட்டைப் பகிர்வுகளாகப் பிரித்துக் குறித்துவைக்கும் முறைகள் இவை: ஜிபிடி புதியது, எம்பிஆர் பழையது. அந்தப் பென் டிரைவ், கணினி கிளம்பும் புதிய முறையான யூஇஎஃப்ஐயில் கிளம்பவில்லை. உடனே, கணினி கிளம்பும் விதத்தை அமைக்கும் பயாஸுக்குள் சென்று, நம்பகமான நிரல்களை மட்டும் கிளம்பவிடும் செக்யூர் பூட்டை அணைத்து, பழைய கிளம்பும் முறையான லெகசியை இயக்கினேன். அடுத்து, நிறுவும் நிரலே வன்தட்டு ஜிபிடி முறையில் இருப்பதால் அதில் நிறுவ இயலாது என்று மறித்தது. அங்கேயாவது நின்று யோசித்திருக்கலாம். நானோ, கோப்புகள் எல்லாம் வெளி வன்தட்டில் பத்திரமாக இருக்கின்றன என்ற துணிச்சலில், முழு வன்தட்டையும் அழித்து எம்பிஆர் முறைக்கு மாற்றி, வேலையை முடித்துவிட்டேன். அன்று இரவே குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் அதில் திரும்ப நகலெடுத்தும் வைத்தேன்.

அன்றைக்கே ஒரு துப்பு கண்முன் இருந்தது. உலாவியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்ற எச்சரிக்கை வந்தது. பார்த்தால், கணினியின் தேதி 2013 ஜனவரி 1 என்று இருந்தது. தேதியைக் கையால் திருத்திவிட்டு, அதைப் பற்றி மேற்கொண்டு எண்ணாமல் தூங்கப் போய்விட்டேன். மறுநாள் காலையில் அடாப்டரைச் செருகி இயக்கியபோது, கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' (கிளம்புவதற்கு உரிய சாதனம் இல்லை) என்ற ஒற்றை வரிதான் வந்தது.

நான் மடிக்கணினியைக் கொடுத்த இடத்தில், பழுதுபார்ப்பவர் அதைப் பத்து நிமிடம் கூடப் பார்த்திருக்க மாட்டார். "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார், மாத்தித்தான் ஆகணும்" என்றார். எந்தச் சோதனையில் அப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. புதிய வன்தட்டுக்கு ஒரு தொகை, 'ஒரிஜினல் விண்டோஸ்' போடுவதற்கு ஒரு தொகை, கூலி தனி என்று பேசி முடித்து, மூன்று நாள் கழித்துத் திரும்பப் பெற்றேன். பழைய வன்தட்டைக் கேட்டபோது, அது எக்ஸ்சேஞ்சில் போய்விடும் என்றார். அதில் என் ஆவணங்கள் இருக்கின்றன, அதை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று நின்றபின், சலித்துக்கொண்டே ஒரு மேசை அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இந்த விவகாரம் முழுவதிலும் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அவருடைய மேசையில் நன்றாக ஓடிய மடிக்கணினி, வீட்டுக்குக் கொண்டுவந்து அடாப்டரைச் செருகியதும் அதே கறுப்புத் திரையையும் அதே வரியையும் காட்டியது. திரும்ப எடுத்துக்கொண்டு போனபோது, இம்முறை மதர்போர்டு போய்விட்டது என்றார். மூன்றே நாளில் ஒரு கணினியின் இரண்டு முக்கிய உறுப்புகள் அடுத்தடுத்துச் சாவதும், இரண்டும் ஒரே வரியைத் திரையில் எழுதிவிட்டுச் சாவதும் எப்படி என்ற ஐயம் அப்போதுதான் எனக்கு எழுந்தது. ஒன்றும் சொல்லாமல் கணினியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பயாஸைத் திறந்தேன். தேதி மறுபடியும் 2013 ஜனவரி 1. லெகசி அணைந்திருந்தது, செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தது. அதாவது, நான் மாற்றியவை அனைத்தும் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்கே திரும்பியிருந்தன. மதர்போர்டில் சிஆர்2032 என்னும் 3 வோல்ட் நாணய மின்கலம் ஒன்று இருக்கும். கணினிக்கு வேறு மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும், இதுபோன்ற பழைய கணினிகளில் பயாஸ் அமைப்புகளையும் காத்து வைப்பது அதுதான். அது தீர்ந்துபோயிருந்தது. பேட்டரியும் இல்லாததால், அடாப்டரைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் கணினி எல்லாவற்றையும் மறந்து, யூஇஎஃப்ஐ முறைக்குத் திரும்பியது. முன்பு விண்டோஸே யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருந்ததால் இந்த மறதி எந்தத் தொல்லையும் தரவில்லை. நான் லெகசிக்கு மாற்றி நிறுவிய பிறகுதான் அது வெளியே தெரிந்தது. யூஇஎஃப்ஐ தேடுவது, கிளம்பும் நிரலை வைத்திருக்கும் இஎஃப்ஐ என்ற சிறு பகிர்வை; லெகசி முறையில் நிறுவிய வன்தட்டில் அப்படி ஒரு பகிர்வே இருக்காது. வன்தட்டு உயிரோடு இருந்தும், கிளம்புவதற்கு உரிய எதுவும் அதில் கணினியின் கண்ணுக்குப் படவில்லை. பழுதுபார்த்தவரும் லெகசி முறையிலேயே நிறுவியிருந்தார். தம் மேசையில் அடாப்டரைப் பிடுங்காமல் வைத்திருந்ததால் அங்கே ஓடியது.

லெகசியை இயக்கியவுடன் அவர் மாட்டிய வன்தட்டிலிருந்து விண்டோஸ் திறந்தது. யூஎஸ்பி உறை ஒன்றில் என் பழைய வன்தட்டையும் இணைத்து, வன்தட்டின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் இரண்டையும் அருகருகே பார்த்தேன். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட என் வன்தட்டில், பழுதாகி மாற்றப்பட்ட செக்டார்களும் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) பூஜ்யம், மாற்றக் காத்திருக்கும் செக்டார்களும் பூஜ்யம். புதியது என்று விற்கப்பட்டதோ மஞ்சள் நிற எச்சரிக்கையோடு நின்றது. மாற்றப்பட்ட செக்டார்கள் இருந்தன. அது ஓடிய நேரம் 21,000 மணியைத் தாண்டியிருந்தது. ஒரு நொடி கூட அணைக்காமல் ஓட்டியிருந்தாலும் 875 நாள் ஆகும். என் கைக்கு அது வந்து ஒரு நாள் கூட ஆகியிருக்கவில்லை.

'ஒரிஜினல் விண்டோஸ்' கதையும் இதே தரம்தான். விண்டோஸ் 10 ஒருமுறை முறையாக உரிமம் பெற்ற கணினியில், அதே பதிப்பை மீண்டும் நிறுவி இணையத்தில் இணைத்தால், மதர்போர்டை அடையாளம் கண்டு உரிமம் தானாகவே வந்து சேரும். அதற்கு யாருக்கும் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை. அவர் என் ஹோம் உரிமத்தை விட்டுவிட்டு, ப்ரோ பதிப்பை நிறுவி, திருட்டு நிரல் ஒன்றால் அதைச் செயல்படுத்தியிருந்தார். அந்த நிரல் பிடிபடாமல் இருக்க, ஒரு கோப்புறை முழுவதையும் விண்டோஸின் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டர் சோதிக்கக் கூடாது என்று விலக்கியும் வைத்திருந்தார். அந்தக் கணினியில் இணைய வங்கிக் கணக்கைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மீட்டது எளிது. நாணய மின்கலத்தை மாற்றி, பழைய வன்தட்டைத் திரும்ப மாட்டி, லெகசியை இயக்கியதும் நான் நிறுவிய விண்டோஸும் கோப்புகளும் அப்படியே வந்தன. விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து அதனுடனேயே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, கோப்புகளை அழிக்காமல் வன்தட்டை ஜிபிடி முறைக்கு மாற்றித் தரும். முதன்மைப் பகிர்வுகள் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. கோப்புகளின் நகல் வெளி வன்தட்டில் இருந்ததால் அச்சமின்றி அதை ஓட்டிவிட்டு, பயாஸை யூஇஎஃப்ஐக்கு மாற்றினேன். இனி அந்த மின்கலம் தீர்ந்தாலும் தேதிதான் தவறும், கணினி கிளம்பிவிடும்.

இதே நிலையில் இருப்பவர்கள், கணினியைக் கையைவிட்டுக் கொடுக்கும் முன் பயாஸில் மூன்றைப் பாருங்கள்: தேதி சரியாக இருக்கிறதா, வன்தட்டின் பெயர் அங்கே தெரிகிறதா, கிளம்பும் முறை லெகசியா யூஇஎஃப்ஐயா. வன்தட்டின் பெயர் தெரிகிறது என்பது மட்டுமே அது நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. ஆனாலும், பெயர் தெரியும்போது அதைச் செத்துவிட்டது என்பவரிடம் எந்தச் சோதனையில் கண்டீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கொடுத்தே ஆக வேண்டுமானால், வன்தட்டின் வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகம் திரும்ப வேண்டும் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். புதியது என்று மாட்டியதன் ஓடிய நேரத்தைப் பணம் கொடுப்பதற்கு முன், அவர் கணினியிலேயே காட்டச் சொல்லுங்கள்.

அவர் மாட்டிய வன்தட்டை, அந்த 21,000 மணி நேரக் கணக்கு தெரியும் ஸ்கிரீன்ஷாட்டின் அச்சுப் பிரதியோடு கொண்டுபோய் வைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அவர் அந்தத் தாளைத் தொடவே இல்லை. "யூஸ் பண்ணின பொருளை நாங்க திரும்ப எடுக்கிறதில்லை சார்" என்றார்.