பழைய கேம் பெட்டியா, கையடக்கக் கருவியா? இரண்டையும் வைத்திருந்தவன் சொல்கிறேன்

விருதுநகரில் பள்ளி விட்டு வந்ததும் நானும் அண்ணனும் தரையில் உட்கார்ந்து ஆடிய டேங்க் கேமை இருபத்தைந்து வருஷம் மறந்தே போயிருந்தேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலைக்கு வந்து ஏழாவது வருஷம், பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் பேச்சுவாக்கில் ஆரம்பித்தார். அவர் வளர்ந்த தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரே ஒரு வீட்டில்தான் மைக்ரோ ஜீனியஸ் என்ற டிவி கேம் பெட்டி இருந்ததாம். சாயந்திரம் ஆனால் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். "ரெண்டு டேங்க், நடுவுல ஒரு கழுகு, அதைச் சுத்தி செங்கல்லு" என்று அவர் கையால் வரைந்து காட்டியபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது. கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே கழுகைத்தான் காப்பாற்றியிருக்கிறோம்.

அந்த கேம் பேட்டில் சிட்டி. 1985ல் நாம்கோ நிறுவனம் ஜப்பானின் ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டிக்காக வெளியிட்டது, மொத்தம் 35 கட்டங்கள். நம் ஊர்களுக்கு வந்தவை ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள்.

அன்றிரவே தேடத் தொடங்கினேன். முதலில் வாங்கியது பழைய கேம்களை உள்ளே நிரப்பி விற்கும் கையடக்கக் கருவி, இணையத்தில் 130 வெள்ளி (ரிங்கிட்). ஒரு வருஷம் கழித்து, ஈப்போவில் ஞாயிறு காலை கூடும் பழஞ்சாமான் சந்தையில் நகல் பெட்டி ஒன்று நாலு கேசட்டோடு 70 வெள்ளிக்குக் கிடைத்தது. என் மனசு பெட்டிப் பக்கம்தான் சாய்கிறது.

கையடக்கக் கருவியின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆயிரக்கணக்கில் கேம், நினைத்த இடத்தில் சேமிக்கலாம், இரவு ஷிஃப்டில் ஓய்வு கிடைத்தால் பத்து நிமிஷம் ஆடலாம். நாள்கணக்கில் ஆடவேண்டிய கதை கேம்கள்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் மேலே படிக்க வேண்டாம், அதையே வாங்குங்கள். முறையாகக் காசு கொடுத்து ஆட விரும்புகிறவர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு: கான்ட்ரா வரிசையின் பழைய கேம்களைக் கொனாமி 2019ல் ஒரே தொகுப்பாக வெளியிட்டது, நின்டெண்டோவும் பழைய கேம்களைச் சந்தா முறையில் தருகிறது. மச்சான் வீட்டில் இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்ததோடு சரி, அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. நியாயமாகப் பார்த்தால் அதுதான் சுத்தமான வழி. நகல் பெட்டியும் சரி, கருவிக்குள் கொட்டி வந்த கேம்களும் சரி, உரிமம் பெற்றவை அல்ல.

இனி வேகம். கையடக்கக் கருவியில் முதல்முறை டேங்க் கேம் போட்டபோது எதிரி டேங்குகள் பறந்தன. பாட்டும் அவசரப்பட்டது. கை பழக்கம் விட்டுப்போயிற்று என்று நினைத்துப் பல நாள் வருந்தினேன். காரணம் வேறு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி விநாடிக்கு 60 முறை படத்தை வரையும். இந்தியாவிலும் மலேசியாவிலும் இருந்தது PAL என்ற டிவி முறை, அதில் விநாடிக்கு 50 தடவை. கேம் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி நகர்வதால், நம் பெட்டிகளில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. என் விரல்கள் கற்றது அந்த வேகத்தைத்தான். ஈப்போ பெட்டியில் கேசட்டைச் செருகியதும் முதல் கட்டத்திலேயே கை தானாகப் போனது. கருவியிலும் இதைச் சரிசெய்யலாம்: சில எமுலேட்டர்களில் (பழைய பெட்டிபோல நடித்து கேமை ஓட்டும் மென்பொருள்) டென்டி என்றொரு அமைப்பு இருக்கும். டென்டி என்பது தொண்ணூறுகளில் ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டி, அதுவும் 50தான். என் கருவியில் அந்த அமைப்பு இல்லை.

இதெல்லாம் இருந்தும், முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். ஈப்போ அரை மணி தூரம், கோலாலம்பூர் அதற்கும் அப்பால், எதையும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். பெல்ட்டும் செருப்பும் பூஞ்சை பிடிக்கிற வீட்டில் எந்தக் கருவி எத்தனை நாள் தாங்கும், கெட்டுப்போனால் யார் கை வைப்பார் என்பதுதான் கேள்வி.

கையடக்கக் கருவியில் ஐந்தாம் மாதம் மெமரி கார்டு படிக்கவில்லை. சேமித்தது எல்லாம் போயிற்று. கூடவே தருகிற பெயரில்லாத கார்டை முதல் நாளே நல்ல கார்டில் நகல் எடுத்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. பதினான்காம் மாதம் பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தூக்கிவிட்டது. பட்டணத்தில் ரேடியோ, மின்விசிறி பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத தொறக்கலாம், சரி பண்ண முடியாது. உள்ள எல்லாம் ஒரே துண்டு" என்றார்.

அதே பெரியவர் நகல் பெட்டியைத் திறந்ததும் சிரித்தார். "இது ரேடியோ மாதிரிதானப்பா." பவர் வராமல் போனதற்குக் காரணம் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர். அடாப்டரிலிருந்து வரும் 9 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைப்பது அதன் வேலை. மிச்சத்தைச் சூடாக வெளியே தள்ளும். முன்பு வைத்திருந்தவர் 12 வோல்ட் அடாப்டர் மாட்டி ஓட்டியிருக்கிறார், தாங்காமல் போயிருக்கிறது. பொருளும் கூலியும் சேர்த்து 15 வெள்ளி. பெட்டி வாங்குகிறவர்கள் அடாப்டரின் வோல்ட்டேஜை மட்டுமல்ல, முனையில் பாசிட்டிவ் உள்ளேயா வெளியேயா என்பதையும் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

படம் கலங்கினால் பெரும்பாலும் கேசட்டின் 60 முனைகளில் எங்கோ களிம்பு. சின்ன வயசில் வாயால் ஊதுவோம். அந்த ஈரமூச்சுதான் செம்பைப் பச்சையாக்குகிறது, அதுவும் இந்த ஊர்க் காற்றில் சீக்கிரமே. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். கேசட்டுகளைப் பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்த பிறகு எனக்கு இந்தத் தொல்லை வருஷத்துக்கு ஓரிரு முறைதான். கன்ட்ரோலர் பட்டன் அழுந்தவில்லை என்றால் உள்ளே ரப்பரில் இருக்கும் கரித்தகட்டைத் துடைத்தாலே போதும். பேட்டரி இல்லை, கார்டு இல்லை. கேம் சிப்பிலேயே பதிந்திருக்கிறது.

பெட்டியிலும் கைவைக்க முடியாத இடம் உண்டு. மலிவுக் கேசட்டுகளில் சிப்பைக் கறுப்புப் பிசின் பொட்டுக்குள் புதைத்திருப்பார்கள். அது செத்தால் செத்ததுதான். என் நாலு கேசட்டில் ஒன்று அப்படிப் போனது, நல்லவேளை டேங்க் கேம் இல்லை.

டிவி விஷயத்தில்தான் எனக்கு உறுதி குறைவு. தட்டை டிவியிலும் பெட்டி ஓடும், ஆனால் பட்டன் அழுத்துவதற்கும் டேங்க் நகர்வதற்கும் நடுவே ஒரு தயக்கம் இருக்கும். வாத்து சுடும் கேமுக்கான துப்பாக்கி வேலையே செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கியின் கண் அந்த வெளிச்சத்தைத் தேடும். டப்பா டிவியில் அது உடனே வரும், தட்டை டிவியில் பிந்தி வரும். 2019ல் மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியபோது வீடு வீடாக டப்பா டிவிகளை வெளியே வைத்தார்கள். எனக்கு 14 அங்குல டிவி சும்மாவே கிடைத்தது. இனி அப்படிக் கிடைப்பது கடினம். அதன் எல்ஓடி (படக்குழாய்க்கு உயர் வோல்ட்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) ஈரத்தில் பொறி விட்டால் உதிரிபாகம் கிடைக்குமா என்று பெரியவராலும் சொல்ல முடியவில்லை. உள்ளே 20,000 வோல்ட்டை ஒட்டி ஓடும், தெரியாதவர்கள் திறக்கவே கூடாது.

அதனால் பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த இன்னொரு டிவியைச் சாமான் அறையில் துணி போர்த்தி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிடுகிறேன், இடி இடித்தால் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுகிறேன். டிசம்பரில் அண்ணன் விருதுநகரிலிருந்து வருகிறான். அதற்குள் இரண்டாவது கன்ட்ரோலருக்கு ரப்பர் மாற்ற வேண்டும், இடது பட்டன் இன்னும் சரியாக அழுந்தவில்லை.