ஐட்லிங்கில் குலுங்கும் எம்.ஜி.பி: இரட்டை எஸ்.யூ-வைச் சரிசெய்வதா, ஒற்றை வெபருக்கு மாறுவதா?

சுங்கை சிப்புட் பக்கம் பழைய எம்.ஜி.பி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருப்பவர், சிக்னலில் நின்றால், அதாவது ஐட்லிங்கில், காடி குலுங்குகிறது என்று வாயைத் திறந்தால் போதும், "அந்த ரெண்டு கார்புரேட்டரையும் தூக்கிட்டு ஒரே ஒரு வெபர் போடுங்கண்ணே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெரும்பாலான காடிகளுக்கு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் அந்த எஸ்.யூ கார்புரேட்டர் ஜோடியைச் சரிசெய்வதுதான் நல்லது.

எந்த வழியில் போனாலும் முதலில் இக்னிஷனையும் வால்வையும் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளியும் அதே 0.015. இவை தப்பாக இருந்தால் எந்தக் கார்புரேட்டரை மாட்டினாலும் குலுங்கத்தான் செய்யும்.

அப்புறம் நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். இந்த 1798 சிசி இன்ஜினில் முன் கார்புரேட்டர் 1, 2 சிலிண்டர்களுக்கு, பின்னது 3, 4-க்கு. முதல் இரண்டும் கரி பிடித்து, மற்ற இரண்டும் வெளுத்திருந்தால் ஜோடி ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஒரே ஒரு பிளக் மட்டும் கறுப்பாக இருந்தால் கார்புரேட்டரை விட்டுவிட்டு அந்தச் சிலிண்டரின் வயர், வால்வு, கம்ப்ரெஷனைப் பாருங்கள்.

எஸ்.யூ-வில் உண்மையான நோய் பெரும்பாலும் திராட்டில் ஸ்பிண்டிலில்தான் (காற்றைத் திறந்து மூடும் தகட்டின் தண்டு) இருக்கும். பல வருடம் ஓடி, தோட்டத்துச் செம்மண் தூசியையும் தின்று, ஸ்பிண்டிலும் அது உட்காரும் துளையும் தேய்ந்துவிடுகின்றன, அந்த இடுக்கு வழியாகக் கணக்கில்லாத காற்று உள்ளே போகிறது, நீங்கள் கலவையை எவ்வளவு திருகினாலும் ஐட்லிங் சீராகாது. சூடான இன்ஜின்மேல் தீப்பிடிக்காதபடி கவனமாக, ஸ்பிண்டில் முனையில் கொஞ்சம் கார்ப் கிளீனர் அடித்துப் பாருங்கள். இன்ஜின் வேகம் மாறினால் ஓட்டை அங்கேதான். கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் குழாயான மேனிஃபோல்டின் கேஸ்கெட்டையும் அதே மாதிரி சோதிக்கலாம். புது ஸ்பிண்டிலும் அது சுழலும் புஷ்ஷும் (உள்வளையம்) போட, துளையை நேராகக் குடையத் தெரிந்த லேத் பட்டறை வேண்டும். ஈப்போ வரை போகவேண்டியிருந்தாலும் போங்கள், இந்த ஒரு வேலையில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

அது முடிந்த பிறகுதான் டியூனிங். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் கிளாம்ப்புகளைத் தளர்த்திவிட்டு, ஒவ்வொன்றும் இழுக்கும் காற்றைச் சமன் செய்யுங்கள். இதற்குக் காதில் ரப்பர் குழாய் வைத்து 'உஸ்' சத்தத்தை ஒப்பிடுவதும் உண்டு, காற்றோட்ட மீட்டரும் உண்டு. பழகிய போமனுக்கு (மெக்கானிக்) குழாய் போதும், புதிதாகச் செய்பவருக்கு மீட்டர்தான் நல்லது. பிறகு கலவை: கார்புரேட்டரின் பக்கத்தில் இருக்கும் பின்னை அழுத்தி, அதற்குள் இருக்கும் பிஸ்டனை (இன்ஜின் பிஸ்டன் அல்ல) ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி, ஏறியபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் தடுமாறினால் குறைவு, லேசாக ஏறி உடனே இறங்கினால் சரி. கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ஜெட் நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். மேலே ஊற்றும் டேம்பர் ஆயில் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதுதான் வேலை செய்யும், ஐட்லிங்குக்கு அது மருந்தல்ல. கழற்றும்போது பிஸ்டனையும் அதன் மூடியையும் ஜோடி மாற்றிவிடாதீர்கள், ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்டவை அவை.

வெபர் 32/36 பக்கம் வந்தால், சமன் செய்யும் வேலையே இல்லை, அது நிஜமான லாபம். ஆனால் வேறு மேனிஃபோல்ட் வேண்டும், ஆக்சிலரேட்டர் இணைப்பை மாற்றவேண்டும், கலவை ஒத்துவராவிட்டால் ஜெட்டுகளை வாங்கி மாற்றி மாற்றிப் போடவேண்டும். எஸ்.யூ-வில் பிஸ்டனோடு ஊசியும் ஏறி இறங்கி, இன்ஜின் இழுக்கும் காற்றுக்கேற்பப் பெட்ரோலைத் தானே அளந்து கொடுக்கிறது. சாதாரண சாலை ஓட்டத்துக்கு வெபரால் பெரிய கூடுதல் சக்தி எதுவும் வந்துவிடாது.

எஸ்.யூ பாடியே விரிசல் விட்டிருந்தால், அல்லது வெவ்வேறு காடியிலிருந்து எடுத்த இரண்டை யாரோ சேர்த்து மாட்டியிருந்தால், வெபர் போடுங்கள், தப்பில்லை. கழற்றியதை மட்டும் மேனிஃபோல்ட், இணைப்புக் கம்பிகளோடு ஒரே பெட்டியில் எடுத்து வையுங்கள், அடுத்து வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.