படப்பிடிப்புக்கு அரசு தரும் பணம்: எந்தத் திட்டம் டெல்டாவுக்கு உதவும்?

சோழர் கதையான ‘பொன்னியின் செல்வன்’ படமாக வந்தபோது தஞ்சாவூர், கும்பகோணம் தியேட்டர்களில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். அதில் பெரும்பகுதி எடுக்கப்பட்டது தாய்லாந்திலும், ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியிலும், மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சா, குவாலியர், மகேஷ்வரிலும். கோட்டையும் அரண்மனையும் தேவைப்பட்ட படம் அது. வழிபாடு நடக்கும் கோயிலுக்குள் அவ்வளவு பெரிய யூனிட்டை இறக்கவும் முடியாது. அதனால் படக்குழுவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சமையலுக்கும் வண்டிக்கும் லாட்ஜுக்கும் கூட்டத்தில் நின்றவர்களுக்கும் செலவான பணத்தில் காவிரிக்கரைக்கு எவ்வளவு வந்திருக்கும்? சினிமாவுக்கு அரசுகள் தரும் சலுகைகளை இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் நம் மாநிலம். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று 2006-ல் அறிவித்தார்கள். 2011-ல் ‘யு’ சான்றிதழ் முதலான நிபந்தனைகள் சேர்ந்தன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த ஏற்பாடே மாறிப்போனது. அந்த விலக்கு டிக்கெட் விற்கும் இடத்தில் கிடைத்த சலுகை. படத்தைத் திருவையாற்றில் எடுத்தாலும் சுவிட்சர்லாந்தில் எடுத்தாலும் ஒன்றுதான். சிறு முதலீட்டுப் படங்களுக்குத் தேர்வுக் குழு பார்த்துத் தரும் 7 லட்சம் ரூபாய் மானியமும் அப்படியே. கைக்காசைப் போட்டுப் படம் எடுத்தவருக்கு அது நிச்சயம் ஆறுதல். ஆனால் எந்த ஊரில் எடுத்தாய் என்று அது கேட்பதில்லை. சின்ன யூனிட்டாக இருந்தாலும் அறை, சாப்பாடு, பேட்டா என்று சில நாட்களிலேயே கரைந்துவிடும் தொகை அது. அப்புறம், பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் திரைப்பட நகரம் என்று 2024-ல் அறிவித்தார்கள். சென்னைத் தொழிலாளர்களுக்கு நல்ல செய்தி. தஞ்சாவூருக்கு அது 300 கிலோமீட்டருக்கும் அப்பால்.

ஒன்றிய அரசின் திட்டம் தொகையில் பெரியது. 2023 நவம்பரில் அதை உயர்த்தினார்கள்: இந்தியாவில் செய்யும் செலவில் 40 சதவீதம் வரை, உச்சவரம்பு 30 கோடி ரூபாய். ஆனால் அது வெளிநாட்டுத் தயாரிப்புகளுக்கும், இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படியான கூட்டுத் தயாரிப்புகளுக்கும் மட்டும். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையைத் தேடி ஒரு ஐரோப்பியக் குழு வந்தால் பயன்படும். வடபழனியிலிருந்து மன்னார்குடிக்கு வருகிற தமிழ்ப்படத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

உத்தரப்பிரதேசம் வேறு வழியில் யோசித்தது. 2018 கொள்கைப்படி, படப்பிடிப்பு நாட்களில் பாதி அந்த மாநிலத்தில் நடந்தால் 1 கோடி வரை, மூன்றில் இரண்டு பங்கு நடந்தால் 2 கோடி வரை மானியம். அவதி, பிரஜ், போஜ்புரி போன்ற மொழிப் படங்களுக்குக் கூடுதல் சதவீதம். நாட்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டதுதான் இதன் பலம். படக்குழு தங்குகிற ஒவ்வொரு நாளும் அந்த மாநிலத்தில் செலவு நடக்கிறது அல்லவா? இருந்தாலும் இதை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தால் நமக்கு உதவாது. மொத்த மாநிலத்தையும் ஒரே எல்லையாக எடுத்துக்கொண்டால், சென்னை பங்களாக்களில் எடுக்கும் நாட்களே நிபந்தனையை நிறைவேற்றிவிடும். வழக்கம்போல இரண்டு பாட்டுக்கும் ஒரு சண்டைக்கும் மட்டும் டெல்டாவுக்கு வருவார்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், அங்கே செய்யும் செலவில் 20 சதவீதத்தைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள விடுகிறது; இதுதான் வரிக்கழிவு. மாநிலத்தின் விளம்பர லோகோவைப் படத்தில் காட்டினால் இன்னும் 10. அங்கே வரி கட்ட வேண்டியதில்லை என்றால் அந்தக் கழிவை வேறொருவருக்கு விற்றுவிடலாம். இதனால் அங்கே பெரிய தொழிலே வளர்ந்தது. மிச்சிகன் 2008-ல் 42 சதவீதம் வரை அள்ளிக் கொடுத்து, கட்டுப்படியாகாமல் 2015-ல் நிறுத்தியது. பயிர் இழப்பீட்டுக்கு விவசாயி காத்திருக்கிற மாவட்டங்களில் நின்றுகொண்டு உச்சவரம்பில்லாத சலுகை கேட்க என்னால் முடியாது.

என் தேர்வு கனடாவின் ஒன்டாரியோ மாதிரி. உள்ளூர்த் தயாரிப்புகளுக்கு அங்கே மொத்தச் செலவைப் பார்ப்பதில்லை, மாகாணத்தவருக்குக் கொடுத்த ஊதியத்தில் 35 சதவீதம் கழிவு தருகிறார்கள். டொராண்டோ பெருநகரத்துக்கு வெளியே எடுத்தால் மேலும் 10 சதவீதம். அந்தக் கூடுதல் கிடைக்க, வெளிப்புறப் படப்பிடிப்பு நாட்களில் 85 சதவீதம் நகரத்துக்கு வெளியே நடந்திருக்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர்களும் இதில் உண்டு. டொராண்டோ இருக்கும் இடத்தில் சென்னையை வைத்துப் பாருங்கள், நமக்கு ஏன் இது பொருந்தும் என்று புரியும். நடிகர் சம்பளத்துக்கு மட்டும் ஒரு வரம்பு வைத்துவிட்டால், சலுகை முழுக்க உழைக்கிறவர்கள் பக்கம் திரும்பும். நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைக்காரர், சுவாமிமலை சிற்பி, தவில் வாசிப்பவர், செட் போடும் ஆசாரி, வேன் ஓட்டுநர் எல்லாரையும் இங்கேயே வேலைக்கு எடுப்பது தயாரிப்பாளருக்கு லாபமாகும். தினமும் படம்பிடிக்கிற சீரியல் ஒன்று மயிலாடுதுறையில் வீடு பிடித்தால், வருடம் முழுக்க வேலை. எந்தச் சினிமாவாலும் அது முடியாது.

இதிலும் சிக்கல் உண்டு. வெளியூர்ப் படப்பிடிப்பில் உள்ளூர் ஆட்களுக்குச் சம்பளம் பெரும்பாலும் கையில் ரொக்கமாகத்தான் போகிறது. ஊதியத்தின் மேல் சலுகை என்றால், அது வங்கிக் கணக்கு வழியாகப் போயாக வேண்டும். முதலில் முணுமுணுப்பார்கள். ஆனால் பேசிய கூலி முழுதாகக் கைக்கு வந்ததா என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். இன்னொன்று காலதாமதம். செலவு செய்து, கணக்குத் தணிக்கை முடித்து, பிறகு பணம் வருகிற எந்தத் திட்டத்திலும் இடைப்பட்ட மாதங்களின் வட்டி சிறு தயாரிப்பாளரைத் தின்றுவிடும். மாதம் ரெண்டு மூணு வட்டிக்கு வாங்கியவருக்கு ஒரு வருடம் கழித்து வரும் மானியத்தால் என்ன பயன்? கணக்குத் தணிக்கை முடிந்த 90 நாட்களுக்குள் பணம் என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

டெல்டாவுக்கென்று ஒரு திருத்தமும் தேவை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்தால்தான் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. சம்பா கதிர் முற்றி நிற்பது ஜனவரியில். ஒரு கிராமத்துக் கதையை இங்கே எடுக்கிறவர் ஒரே மூச்சில் முடிக்க முடியாது, இரண்டு மூன்று முறை வந்தாக வேண்டும். எனவே நாட்களை ஒரே தவணையாகக் கேட்காமல், 12 மாதத்துக்குள் எப்போது எடுத்தாலும் கூட்டிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். கோயிலுக்கு இந்து சமய அறநிலையத் துறை, தாராசுரம், பெரிய கோயில் போன்ற இடங்களுக்குத் தொல்லியல் துறை, சாலைக்குக் காவல் துறை என்று தனித்தனியாக அலைகிற அனுமதிகளை, சலுகைக்கு விண்ணப்பிக்கும் அதே மனுவில் மாவட்ட ஆட்சியர் அலுவலகமே வாங்கித் தரலாம். இதற்கு அரசுக்குப் பெரிய செலவும் இல்லை.