'பிக் ஷாட்ஸ் ஃப்யூனரல்', 'தி மூவி எம்பரர்': ஒரு மாலைக்கு ஒரு படம்

மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து பேர் கூடிப் படம் பார்க்கும் எங்கள் வட்டத்தில், திரைத்துறை தன்னைத்தானே பகடி செய்துகொள்ளும் சீனப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இம்முறை எனக்கு வந்தது. கடைசியில் என் முன் நின்றவை இரண்டு. ஒன்று, ஃபெங் ஷியாவ்காங் இயக்கி 2001 டிசம்பரில் வெளியான 'பிக் ஷாட்ஸ் ஃப்யூனரல்'. மற்றொன்று, நிங் ஹாவ் இயக்கி 2023இல் டொராண்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'தி மூவி எம்பரர்'. நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த முடிவுக்கு வர எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

நடிப்பில் இரண்டுக்குமே குறையில்லை. முதல் படத்தின் நாயகன் கெ யோவ் 1994இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றவர். இரண்டாவதின் நாயகன் ஆண்டி லாவ் ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகராக மூன்று முறை தேர்வானவர். இரண்டுமே சீனாவின் புத்தாண்டுக் காலத்தில் திரையரங்குக்கு வந்தவை. இரண்டிலும் ஒரு பேரரசர் இருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த ஒற்றுமை: முதலாவதில் படமாக்கப்படுவது சீனாவின் கடைசிப் பேரரசரின் கதை, இரண்டாவதின் ஆங்கிலத் தலைப்போ, சிறந்த நடிகர் விருது பெற்றவரைச் சீனர்கள் 'யிங்தி', அதாவது திரைப் பேரரசர், என்று அழைப்பதிலிருந்து வந்தது.

'தி மூவி எம்பரர்' படத்தில் ஆண்டி லாவ் ஏறத்தாழத் தன்னையே போன்ற ஒரு ஹாங்காங் நட்சத்திரமாக வருகிறார். விருது கைநழுவிப் போன ஏக்கத்தில், வெளிநாட்டு விழாக்களுக்குப் பிடிக்கும்படி கிராமத்து ஏழை ஒருவரின் கதையில் நடிக்க முடிவு செய்து, சீனப் பெருநிலத்து இயக்குநர் ஒருவரோடு சேர்கிறார். அந்த இயக்குநராக நிங் ஹாவே நடித்திருக்கிறார். 2006இல் நிங் ஹாவுக்குப் பெயர் வாங்கித் தந்த 'கிரேஸி ஸ்டோன்' படத்துக்குப் பணம் போட்டது லாவின் நிறுவனம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், இவ்விருவரும் எதிரெதிரே அமரும் காட்சிகளுக்குத் தனி ருசி உண்டு. வறுமையைத் தொலைவிலிருந்து ரசிக்கும் விழா உலகத்தின் மீது படம் வைக்கும் விமர்சனம் கூர்மையானது. கேமரா பெரும்பாலும் அசையாமல் நிற்க, அகன்ற சட்டகத்தின் ஏதோ ஒரு மூலையில் சங்கடம் மெல்ல முளைத்து வளர்கிறது. இந்த வகை நகைச்சுவைக்கு மொழியே தேவையில்லை. சப்டைட்டிலை மட்டும் நம்பிப் படம் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் வசதியானது என்றே முதலில் நினைத்தேன்.

ஆனால் பார்வையாளர் கையோடு கொண்டுவர வேண்டிய முன்னறிவு எவ்வளவு என்ற கேள்வியில்தான் என் மனம் மாறியது. அந்த நட்சத்திரம் படும் அவமானம் ஒவ்வொன்றும், கறை படியாத உருவத்தைப் பல பத்தாண்டுகளாகக் காத்துவந்த ஆண்டி லாவ் என்ற மனிதரை அறிந்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும். ஹாங்காங்கின் மொழியான கான்டனீஸில் பாடப்படும் இசையின் 'நான்கு பெரும் மன்னர்'களில் ஒருவராக 1990களில் கொண்டாடப்பட்டவர் அவர். இதையெல்லாம் அறியாதவருக்குத் திரையில் தெரிவது, தொல்லையில் மாட்டிக்கொண்ட பணக்கார நடிகர் ஒருவர் மட்டுமே. எங்கள் வட்டத்தில் விசாரித்தேன். அவர் நடித்த இரண்டு படங்களின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் இருவர்தான் இருந்தார்கள். ஹாங்காங்காரரின் பேச்சுக்கும் பெருநிலத்தவரின் பேச்சுக்கும் இடையிலான இடைவெளியையும் சப்டைட்டில் ஒரே மொழியாக்கி அழித்துவிடுகிறது. அரை மணி நேரம் முன்னுரை பேசாமல் இந்தப் படத்தை எங்களவர்கள் முன் வைக்க என்னால் முடியாது, அப்படிப் பேசிய பிறகு சிரிப்பு வருமா என்பதிலும் எனக்கு உறுதியில்லை.

2024 பிப்ரவரி 10 அன்று புத்தாண்டு வெளியீடாக வந்த இந்தப் படம் கூட்டம் சேராமல் விலக்கிக்கொள்ளப்பட்டு, மார்ச்சில் மீண்டும் திரையரங்குக்கு வந்தது. இதை என் வாதத்துக்குச் சான்றாகக் காட்ட மாட்டேன். சீன மக்களுக்கு ஆண்டி லாவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குடும்பத்தோடு விடுமுறைச் சிரிப்பைத் தேடி வந்தவர்களுக்கு அந்த நிதானம் ஒத்துவரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

'பிக் ஷாட்ஸ் ஃப்யூனரல்' பார்வையாளரிடம் கேட்பது மிகக் குறைவு. டொனால்ட் சதர்லாண்ட் நடிக்கும் டைலர் என்ற ஹாலிவுட் இயக்குநர் பெய்ஜிங்கின் அரண்மனையில் படமெடுக்க வருகிறார். அந்தப் படப்பிடிப்பைப் பதிவு செய்யும் வேலைக்கு, பிழைப்பின்றி இருந்த ஒளிப்பதிவாளர் யோயோ (கெ யோவ்) அமர்த்தப்படுகிறார். சோர்ந்துபோயிருக்கும் டைலருக்கு, நிறைவாக வாழ்ந்த முதியவரின் சாவு துக்கமல்ல, 'ஷி சாங்', மகிழ்ச்சிச் சாவு என்று சீனர்கள் கருதுவதைப் பற்றித் தெரியவருகிறது. தனக்கும் அப்படியொரு நகைச்சுவையான இறுதிச் சடங்கு வேண்டும் என்று யோயோவிடம் கேட்டுவிட்டு நினைவிழந்து விழுகிறார். செலவுக்குப் பணமில்லை. யோயோவும் நண்பரும் அந்தச் சடங்கையே விளம்பரதாரர்களுக்கு விற்கத் தொடங்குகிறார்கள்; இன்னும் உயிரோடிருக்கும் மனிதரின் தலை முதல் கால் வரை விலை போகிறது.

இந்த இடத்தில் எங்கள் திரையிடலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சப்டைட்டிலில் 'நகைச்சுவை இறுதிச் சடங்கு' என்று வந்ததும் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் குனிந்து, "தம்பி, இது நம்ம கல்யாணச் சாவுதானே?" என்றார். பேரன் பேத்தி கண்டு போனவருக்குத் தப்பட்டை அடித்துப் பூப்பல்லக்கில் வழியனுப்பும் ஊரில் வளர்ந்தவருக்கு, படத்தின் அச்சாணியான அந்தக் கருத்து ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது. முன்னுரை என்று நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

மொழி இழப்பு இந்தப் படத்திலும் உண்டு, அதுவும் நிறையவே உண்டு. விளம்பரப் பெயர்கள் பெரும்பாலும் சிலேடைகள். கோகோ கோலாவின் சீனப் பெயர் 'கெகோவ் கெலே'; 'கெகோவ்' என்றால் வாய்க்கு இனியது. படத்தில் அது 'கெஷியாவ் கெலே' ஆகிறது, அதாவது நகைப்புக்குரிய கோலா. நற்செய்தி கொண்டுவரும் பறவையின் பெயரைக் கொண்ட கோட்டு சூட்டு நிறுவனம், ஒரே ஒரு எழுத்து மாறியதும் சாவுச் செய்தி கொண்டுவரும் பறவை ஆகிவிடுகிறது. இவை எதுவும் சப்டைட்டிலில் தங்கவில்லை. ஆனாலும் இங்கே உதிர்வது சுவரின் வண்ணம் மட்டும்தான். சாவு வீட்டில் விளம்பரப் பலகை கட்டுகிறார்கள் என்ற காட்சி அப்படியே நிற்கிறது. மற்றப் படத்தில் நாயகனை அறியாதவருக்குத் தூணே இல்லாமல் போகிறது. நான் பெரிதாக எடுத்துக்கொண்ட வேறுபாடு இதுதான்.

படத்தின் பிற்பகுதியில், மனநல மருத்துவமனையில், லி செங்ரு என்ற நடிகர் மூச்சு விடாமல் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை விவரிப்பார். வாசலில் ஆங்கிலேயப் பணியாளர் வணங்கி நிற்பார், வளாகத்துக்குள்ளேயே அமெரிக்க மருத்துவமனை ஒன்று இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும், சளி பிடித்தால்கூட வைத்தியத்துக்குப் பல்லாயிரம் ஆகும், அண்டை வீட்டுக்காரர்கள் அனைவரும் ஜெர்மன் காரில்தான் வருவார்கள். வெற்றி பெற்ற மனிதர் யார் என்று அவரே கேட்டு அவரே பதில் சொல்வார்: எதை வாங்கினாலும் சிறந்ததை அல்ல, விலை மிகுந்ததை வாங்குபவர். சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததும் 2001 டிசம்பரில்தான். வசூலைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையில் சீனாவுக்குள் ஆண்டுக்குப் பத்து வெளிநாட்டுப் படங்கள் என்றிருந்த வரம்பு இருபதாக உயர்ந்ததும் அதையொட்டித்தான். ஹாலிவுட் நிறுவனமான கொலம்பியாவின் ஆசியக் கிளையும் சீனத் தயாரிப்பு நிறுவனமான ஹுவாயி பிரதர்ஸும் சேர்ந்து பணம் போட்ட இந்தப் படம், அப்படி உள்ளே வரும் பணம் எதையெல்லாம் விலைக்கு வாங்கும் என்பதைத் தன் காலத்திலேயே இவ்வளவு துல்லியமாகப் பார்த்திருப்பது என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. யோயோவுக்கும், ரோசமண்ட் குவான் நடிக்கும் உதவியாளர் லூசிக்கும் இடையிலான காதல் ஒட்டவில்லை. ஆங்கில உரையாடல்கள் சில இடங்களில் விறைப்பாக இருக்கின்றன. கடைசி அரை மணி நேரம் தளர்கிறது. சட்டக அமைப்பின் அழகில் நிங் ஹாவின் படமே மேல். மேலும், ஃபெங்கின் படத்தை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன், நிங் ஹாவுடையதை ஒரே முறைதான். ஆகவே என் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்க வாய்ப்புண்டு.

ஹாங்காங் படங்களில் ஊறியவர்கள் நிறைந்த கூட்டம் என்றால் 'தி மூவி எம்பரர்' படத்தைத் தயங்காமல் திரையிடலாம். எங்களைப் போன்றவர்கள் அதை இரண்டு மாத வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. நான் திட்டமிட்டிருப்பதும் அதுதான்: ஆண்டி லாவ் ஒரு தயாரிப்பாளராக, துளியும் பகட்டில்லாமல் நடித்த 2011ஆம் ஆண்டின் 'எ சிம்பிள் லைஃப்' படத்தை முதல் மாதம் காட்டிவிட்டு, அடுத்த மாதம் இதைக் காட்டப்போகிறேன்.