‘ஸ்டாட்டிக் ஐபி போட்டாச்சு சார்’ என்றதும் பாக்கியைக் கொடுத்துவிடாதீர்கள்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் டேனரி, ஷூ கம்பெனி வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. மீட்டர் அளவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் சின்ன லினக்ஸ் பெட்டிகளை எங்கள் யூனிட்டில் மாட்டிக்கொடுத்தவர் எங்களை எப்படிச் சுற்றவிட்டார் என்று எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கு வேறு பெயரில் வருவார். வேலை செய்யும் விதம் தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

நான் சிப்காட்டில் ஒரு டேனரியில் மின்பராமரிப்பு பார்க்கிறேன். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் கழிவுநீரின் ஃபுளோ மீட்டர், போர்வெல் மீட்டர், மின்சார மீட்டர் மூன்றுக்கும் தலா ஒரு பெட்டி. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பெட்டியையும் அதன் ஐபி முகவரியில் (நெட்வொர்க்கில் அதன் விலாச எண்) தேடி, மீட்டர் கருவிகள் பேசும் மாட்பஸ் மொழியில் அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளும். முகவரி மாறினால் திரையில் வெறும் கோடுதான். அதனால்தான் பர்சேஸ் ஆர்டரிலேயே ஒவ்வொரு பெட்டிக்கும் நிலையான ஐபி வேண்டும் என்று எழுதியிருந்தோம்.

ஆள் வந்தார். லேப்டாப்பை இணைத்தார், ஐஎஃப்கான்ஃபிக் என்று ஒரு கட்டளை அடித்தார், பிங் போட்டு, பெட்டி பதில் சொல்வதைக் காட்டினார். “ஸ்டாட்டிக் ஐபி போட்டாச்சு சார், சைன் பண்ணிடுங்க.” கமிஷனிங் ரிப்போர்ட்டில் கையெழுத்து, பாக்கி 40 சதவீதத்துக்குச் செக். கிளம்பிவிட்டார்.

அந்தக் கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) நினைவில் மட்டும்தான் முகவரியை வைக்கும். எந்தக் கோப்பிலும் எழுதாது. மின்வாரியத்தின் மாதாந்திர ஷட்டவுன் வந்தது. கரண்ட் திரும்பியபோது மூன்று பெட்டியும் டிஎச்சிபி-யில், அதாவது ரவுட்டர் தானாகப் பங்கிடும் முறையில், ஆளுக்கொரு புது முகவரி வாங்கி வைத்திருந்தன. அன்று இரவு ஷிப்ட்டில் பையன்கள் டார்ச் அடித்து மீட்டர் பார்த்து நோட்டில் எழுதினார்கள்.

போன் செய்தால் விசிட் சார்ஜ் 2,500 ரூபாய். வந்து அதே கட்டளையை அடித்துவிட்டுப் போனார். இதில் இன்னொரு கூத்து, கரண்ட் போகாத நாளிலும் முகவரி மாறியது. பெட்டிக்குள் யுடிஎச்சிபிசி என்ற டிஎச்சிபி நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தது. ரவுட்டர் கொடுத்த முகவரியின் குத்தகைக் காலம் பாதி முடிந்ததும் அது ரவுட்டரிடம் புதுப்பிக்கக் கேட்கும்; பதில் வந்ததும் நாம் கையால் போட்டதை அழித்துத் தன் முகவரியைப் போட்டுவிடும். அவர் அதை நிறுத்தக்கூட இல்லை.

கேட்டதற்கு வந்த பதில்: “லினக்ஸ்ல அப்படித்தான் சார், ரீபூட் ஆனா மறந்துடும். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டுக்குங்க, நாங்க ரிமோட்லயே பாத்துக்கறோம்.” பெட்டி மேல் முழு அதிகாரம் தரும் ரூட் பாஸ்வேர்டைக் கேட்டால் கம்பெனி பாலிசியாம். காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்கு!

கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு ரவுட்டரில் ஒவ்வொரு பெட்டியின் மேக் எண்ணுக்கும் (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டு, இனி நிரந்தரம் என்றார். அடுத்த மின்தடையில் அதுவும் போனது. மலிவான போர்டு, மேக் எண்ணை உள்ளே பதிக்கவே இல்லை. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் கர்னல் தானாக ஒரு மேக் எண்ணை உருவாக்கிக்கொள்கிறது. ரவுட்டருக்கு அது ஒவ்வொரு முறையும் புது ஆள். மேக் எண்ணின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள், ரீபூட் செய்து எண் மாறுகிறதா என்று பாருங்கள்.

கடைசியில் காட்பாடியிலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் சீரியல் கேபிளோடு வந்தார். பூட் ஆகும்போதே, லினக்ஸைக் கிளப்பிவிடும் யூ-பூட் என்ற நிரலில் நிறுத்தி, கர்னலுக்குப் போகும் பூட்ஆர்க்ஸ் வரியில், முதலில் ஓட வேண்டிய இனிட்டுக்குப் பதிலாக, கட்டளை அடிக்கும் ஷெல்லைக் கொடுத்தார். பாஸ்வேர்டே கேட்காமல் திறந்துகொண்டது. “அண்ணே, லினக்ஸ்ல ஐபிய எழுதவே இல்லையே” என்று சிரித்தார். யூ-பூட்டில் ஒரு ஐபி போட்டிருந்தது. அது யூ-பூட் தன் வேலைக்கு, அதாவது நெட்வொர்க்கில் கோப்பு இழுக்க, வைத்துக்கொள்வது. பூட்ஆர்க்ஸில் ஐபி என்ற அளவுருவாகக் கொடுத்து, கர்னலிலும் அந்த வசதி சேர்த்திருந்தால்தான் லினக்ஸ் வரை போகும். இரண்டும் இல்லை.

உண்மையான வேலை இவ்வளவுதான். படிக்க மட்டும் என்று மவுன்ட் ஆகியிருந்த ரூட்டை (பெட்டியின் முதன்மைக் கோப்புப் பகுதி) எழுதும்படி மாற்றினார். ஈடிசி-க்குள் நெட்வொர்க் அடைவில் இன்டர்ஃபேசஸ் என்ற கோப்பு இருக்கிறது. அதில் ஈத்0 என்ற நெட்வொர்க் போர்ட்டுக்கு டிஎச்சிபி என்றிருந்ததை ஸ்டாட்டிக் ஆக்கி, முகவரி, நெட்மாஸ்க், கேட்வே மூன்று வரி சேர்த்தார். எழுதியது சேமிப்பில் இறங்க சிங்க் கட்டளை அடித்து, ரூட்டைப் பழையபடி பூட்டினார். முகவரிகளை ரவுட்டர் பங்கிடும் வரம்புக்கு வெளியே எடுத்துக்கொண்டோம், இல்லாவிட்டால் என்றைக்காவது யாருடைய செல்போனோ அதே எண்ணை வாங்கி மோதும். பெட்டி மேல் ஸ்டிக்கரில் இருந்த மேக் எண்ணையும் யூ-பூட்டில் எழுதிச் சேமித்தார். டீ ஆறுவதற்குள் ஒரு பெட்டி முடிந்தது. இதற்குத்தான் ஏஎம்சி கேட்டார்கள்.

எல்லாப் பெட்டியிலும் இதே கோப்பு இருக்காது. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள சிஸ்டம்டி-நெட்வொர்க்டி இருந்தால் அதன் கோப்பு வேறு. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் 2023 வரை டிஎச்சிபிசிடி, அதன் பிறகு வந்த புக்வார்ம் பதிப்பில் நெட்வொர்க்மேனேஜர். ரூட் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற, படிக்க மட்டுமான வகையாக இருந்தால் அதில் எழுதவே முடியாது, தனியாக எழுதும் பகுதி வைத்திருக்க வேண்டும். ஆனால் எதிலும் ‘ரீபூட் ஆனா மறந்துடும்’ என்பது விதி இல்லை.

செக் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். ரீபூட் கட்டளை வேண்டாம், எம்சிபி பிரேக்கரை இறக்கி ஏற்றுங்கள். அப்புறம் ரவுட்டரையும் அணைத்துவிட்டு, பெட்டியை மறுபடி அணைத்துப் போட்டு, நேரடிக் கேபிளில் லேப்டாப்புக்கும் அதே வரிசையில் ஒரு ஐபி கொடுத்துப் பிங் செய்யுங்கள். ரவுட்டர் இல்லாமலும் அதே முகவரியில் பதில் வந்தால் அதுதான் ஸ்டாட்டிக். ரவுட்டரில் ஒதுக்கிவிட்டு ஏமாற்றுபவர் இந்த இடத்தில் மாட்டுவார். ரூட் பாஸ்வேர்டை ஆர்டரிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று சிலர் சொன்னார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை 2019 சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு, எங்கள் கம்பெனி அதில் வராது. ஆனால் வேறு ஒரு பிடி இருக்கிறது. லினக்ஸ் கர்னல், பெட்டியில் இருக்கும் கட்டளைத் தொகுப்பான பிஸிபாக்ஸ் இரண்டும் ஜிபிஎல் 2 என்ற திறந்த மூல உரிமத்தில் வருபவை. பெட்டியை விற்பவர் அவற்றின் மூல நிரலையும் தர வேண்டும், இல்லையென்றால் குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லும்படி தருவதாக எழுதிக்கொடுக்க வேண்டும். அவர் இரண்டும் செய்யவில்லை. விசிட் சார்ஜ் பாக்கி என்று பில் அனுப்பியபோது மூல நிரலையும் பாஸ்வேர்டையும் கேட்டுப் பதிவுத் தபால் போட்டோம். அதற்கப்புறம் பில்லும் வரவில்லை, போனும் வரவில்லை. ஆம்பூர் பக்கம் கொட்டேஷன் கொடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.